கூரையைத் தூக்கும் காற்று: காடைக் கொட்டகைகளை மறுபடி கட்டுவது எப்படி?

சூறைக்காற்றில் விழுந்த பண்ணைக் கொட்டகையைப் பார்த்தவர்கள் 'காற்று தள்ளிவிட்டது' என்றுதான் சொல்வார்கள். இடிபாட்டை நிதானமாகப் பார்த்தால் வேறு சங்கதி தெரியும். ஓரிடத்தில் தகரம் வெகுதூரம் தள்ளி வயலில் கிடக்கும். ஆணிகள் அதில் குத்தியபடியே இருக்கும். ஆணி தகரத்தைப் பிடித்துக்கொண்டது, மரச்சட்டம்தான் ஆணியை விட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். இன்னோரிடத்தில் திருகாணிகள் சட்டத்தில் வரிசை கலையாமல் நிற்கும். பறந்துபோன தகரத்தில் ஒவ்வொரு திருகாணி இருந்த இடத்திலும் கிழிந்த ஓட்டை இருக்கும். மூன்றாவது கொட்டகையில் தகரமும் சட்டமும் பிரியாமல் மொத்தமாகக் கவிழ்ந்து கிடக்கும். விட்டுப்போனது சட்டத்தையும் கைமரத்தையும் சேர்த்திருந்த கட்டுக்கம்பி. நான்காவதில் தூணே குழியிலிருந்து கான்கிரீட் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். சேதம் நான்கு விதம். ஆனால் நான்கிலும் விசை ஒரே பக்கம் இழுத்திருக்கிறது, மேல்நோக்கி. நம் ஊர்களில் கொட்டகைகள் கூரையின் எடையைத் தாங்கும்படி கட்டப்படுகின்றன. கூரை எழும்பாமல் பிடித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் கட்டுகிறவர்களுக்கு அநேகமாக வருவதில்லை. புயலுக்குப் பின் மறுபடி கட்டும்போது இன்னும் தடித்த தூணும் இன்னும் கனத்த தகடும் வாங்கிப் போடுவதைவிட, தகட்டிலிருந்து மண் வரை ஒவ்வொரு இணைப்பையும் மேலிழுப்பைத் தாங்கும்படி மாற்றுவதே பலன் தரும். செலவும் அதில்தான் குறைவு.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் தமிழக எல்லையிலும் இந்த விஷயம் தனிக் கவனம் கேட்கிறது. ஒரு பக்கம் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நிற்கும் நீலகிரி, மறுபக்கம் 2,695 மீட்டர் ஆனைமுடியைக் கொண்ட ஆனைமலைத் தொடர். நடுவில் மலைச்சுவர் முப்பது கிலோமீட்டருக்கு மேல் விட்டுப்போய்ச் சமதரையாகக் கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலையேற முடியாமல் இந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. கேரள மின்வாரியம் தன் முதல் காற்றாலைகளைக் கஞ்சிக்கோட்டில் நிறுவியதும், கணவாயின் கிழக்கு வாயிலில் உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் காடாக எழுந்ததும் இதனால்தான். அதே உடுமலையும் பல்லடமும் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் பெயர்பெற்றவை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என எல்லைக் கோட்டை ஒட்டித் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்களிலும் கோழியும் காடையும் வளர்க்கிறார்கள். தெற்கே இடுக்கியில் குமுளி, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, போடிமெட்டு என்று மலைவிளிம்பில் வரிசையாக அமைந்த ஊர்களுக்குக் காற்று வேறு விதமாக வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

காடையைத் தனியாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. காட்டில் திரியும் காடையைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை. 1974இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டு உத்தரப் பிரதேசத்தின் இஸ்ஸத்நகரில் ஆய்வுக்கு உட்பட்டு, பிறகு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம், நாமக்கல் இனங்களாகவும் நம் பண்ணைகளுக்கு வந்து சேர்ந்தது. முட்டை பொரிய 17, 18 நாள். ஐந்து வாரத்தில் 200 கிராம் அளவுக்கு வளர்ந்து விற்பனைக்குத் தயார். பொரித்த குஞ்சு ஏழெட்டுக் கிராம்தான் இருக்கும். தண்ணீர்த் தட்டில் விழுந்தே மூழ்கிச் செத்துவிடும் என்பதால் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைப்பார்கள். அவ்வளவு சிறிய உடம்பு நனைந்தால் வெப்பத்தை இழக்கும் வேகம் மிக அதிகம். முதல் வாரத்தில் 35 டிகிரிக்கு மேல் சூடு கேட்கும் குஞ்சுக்கு, கூரை போய்க் கால் மணி நேரம் மழையில் நனைவது சாவுதான். வளர்ந்த காடையோ இரைச்சலுக்கு மிரண்டு செங்குத்தாக எழும்பிக் கூண்டின் மேற்கம்பியில் மண்டையை இடித்துக்கொள்ளும். தரையில் இருந்தால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். கொட்டகை முழுதாக விழ வேண்டியதில்லை. பாதிக் கூரை தடதடத்து ஆடினாலே இழப்பு தொடங்கிவிடும்.

இனி விசையின் கணக்கைப் பார்ப்போம். காற்று ஒரு கூரையின் விளிம்பில் மோதியதும் அதன் ஓட்டம் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து மேலே வளைகிறது. பிரிந்த இடத்துக்குக் கீழே, அதாவது தகட்டுக்குச் சற்று மேலே, அழுத்தம் குறைகிறது. உள்ளேயுள்ள காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால் தகடு மேல்நோக்கி இழுபடுகிறது. தாழ்வார விளிம்பிலும் முகட்டிலும் நான்கு மூலைகளிலும் இந்த இழுப்பு உச்சத்தில் இருக்கும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது இதில் மறக்கக்கூடாத விதி. கட்டடங்களின் மீதான காற்று விசையை வகுத்துச் சொல்லும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதன் வரைபடத்தில் கேரளமும் கோவை, மதுரை வட்டாரங்களும் வினாடிக்கு 39 மீட்டர் அடிப்படை வேகம் கொண்டவை. மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய, சில வினாடிகளே நீடிக்கும் வீச்சின் வேகம் இது. ஆள் குடியிருக்காத பண்ணைக் கட்டடம் என்பதால் தரநிலை ஒரு சலுகையும் தருகிறது: வேகத்தை 0.92ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்தபின்பும் காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. கூரைக்கு மேலே உறிஞ்சலும் உள்ளே உப்பலும் சேர்ந்தால் அது ஒன்றரை மடங்காகும். சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. இதற்கு எதிராகக் கூரையின் சொந்த எடை எவ்வளவு? ஆஸ்பெஸ்டாஸ் சீட் சதுர அடிக்கு ஒன்றேகால் கிலோவை ஒட்டி. சாதாரணத் துத்தநாகத் தகரம் அரைக் கிலோகூட இல்லை. பத்தடிக்கு மூன்றரை அடி அளவுள்ள ஒற்றைத் தகட்டை அந்தக் காற்று 380 கிலோ விசையோடு மேலே இழுக்கிறது.

இங்கேதான் கூரையின் சாய்வு ஒரு கேள்வியாக வருகிறது. செலவைச் சுருக்க வேண்டும் என்று பலர் கூரையைத் தட்டையாக, பத்து டிகிரி அளவில் போட்டுவிடுகிறார்கள். தரநிலையின் அட்டவணையைப் பார்த்தால், பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு மிக மோசமான சாய்வு அதுதான். தாழ்வான இருபக்கச் சாய்வுக் கூரையின் காற்று மோதும் பாதியில், பத்து டிகிரிச் சாய்வுக்கு உறிஞ்சல் குணகம் 1.2, இருபது டிகிரிக்கு 0.4, முப்பது டிகிரிக்கு உறிஞ்சலே இல்லை. சாய்வைக் கூட்டினால் தகடு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. பறவைக்கும் அதனால் ஆதாயம் உண்டு: முகடு உயர உயரச் சூடான காற்று மேலே போய்த் தங்கும், முகட்டில் திறப்பு இருந்தால் வெளியேறும். கணவாய்க்குள் மட்டும் ஒரு சிக்கல். வெயில் உள்ளே விழாமலிருக்க நம் பண்ணைகளைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டுகிறோம். பாலக்காட்டுக் காற்றோ மேற்கிலிருந்து கிழக்காக, முகட்டின் போக்கிலேயே வீசுகிறது. முகட்டின் நீளத்தில் போகும் காற்றுக்குச் சாய்வு எந்தத் தடையும் இல்லை. பத்து டிகிரிக்கு 0.8 என்றால் முப்பது டிகிரிக்கு 0.7. அந்த விசையும் கூரையின் மேற்கு முனையில், முதல் இரண்டு மூன்று தூண் இடைவெளிகளில்தான் குவிகிறது. ஆகவே கணவாய்க் கொட்டகையில் மேற்கு முனை மற்ற இடங்களைவிட இருமடங்கு இறுக்கமாகக் கட்டப்பட வேண்டும். அறுபதடிக் கூரையில் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் திருகாணி அடித்துக்கொண்டு போவது கிழக்கு முனையில் வீண், மேற்கு முனையில் போதாமை.

இதைவிடவும் கவனிக்காமல் விடப்படுவது உள்ளழுத்தம். விரித்துப் பிடித்த குடைக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடிய கொட்டகை அந்தக் குடையைப் போன்றதே. நம் பண்ணைகளில் ஒன்று ஒன்றரை அடி அரைச்சுவருக்கு மேலே கம்பிவலைதான். மழை வந்தால் சாக்குப் படுதாவையோ தார்ப்பாயையோ இறக்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் வலை திறந்திருந்தால் காற்று உள்ளே வந்த வேகத்தில் வெளியே போய்விடும். காற்று வரும் பக்கம் மட்டும் படுதா இறக்கியிருந்தால் உள்ளே அழுத்தம் குறையும், கூரைக்கு அது நல்லது. காற்று வரும் பக்கம் திறந்து, போகும் பக்கம் மூடியிருந்தால்தான் ஆபத்து. பருவக்காற்றில் இந்தத் தவறு நேராது, அதன் திசை எல்லோருக்கும் பழக்கம். பங்குனி, சித்திரையின் இடிமழையில் நேரும். மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தூண்போல் இறங்கித் தரையில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும். மேகம் நகர நகர ஐந்து நிமிடத்துக்குள் காற்றின் திசை நேரெதிராகத் திரும்பிவிடும். சரியான பக்கத்தில் இறக்கிய படுதா அப்போது தவறான பக்கத்துப் படுதாவாகிவிடுகிறது. மேற்கு முனைச் சுவரில் வைத்த கதவுக்கும் இதே கதிதான். கொண்டி தெறித்துக் கதவு திறந்துகொண்டால் கொட்டகை முழுக்கக் காற்றை விழுங்கி உப்பும். எனவே மறுபடி கட்டும்போது கதவைக் கிழக்கு முனைக்கு மாற்றுவதும், படுதாவைக் கீழ்விளிம்பில் இரும்புக் கம்பியால் கட்டாமல் இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய சணல் கயிற்றால் கட்டுவதும் கட்டுமானத்தில் ஒரு பகுதி. சூறையில் படுதா பிய்ந்து பறந்தால் அரை நாள் வேலை. பிய்யாமல் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் கூரை போகும்.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சொல்லிவைத்திருக்கிறோம். ஆனால் இந்த வட்டாரத்தில் கூரைகளை ஒரேயடியாகப் பிய்த்துப் போடுவது பெரும்பாலும் கோடை இடிமழைக் காற்று. ஆடிக் காற்றின் வேலை வேறு: அது வாரக்கணக்கில் விடாமல் தகட்டை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, திருகாணியைச் சுற்றியுள்ள உலோகத்தைக் களைக்க வைக்கிறது. உலோகக் களைப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் சிறுகச் சிறுக வளர்வது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும்போது நடப்பதும் இதுவே. இதை உலகம் கற்றது ஒரு பெரிய அழிவிலிருந்து. 1974 டிசம்பர் 25 அதிகாலை ட்ரேசி என்ற புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கியபோது அங்கிருந்த வீடுகளில் பெரும்பகுதி குடியிருக்க முடியாதபடி சிதைந்தன. ஆராய்ந்தவர்கள் கண்டது, தகரக் கூரைகள் ஒரே அடியில் போகவில்லை. மணிக்கணக்கில் ஏறி இறங்கிய விசையில் திருகாணியைச் சுற்றி விரிசல் விட்டு, சாதாரணமாகத் தாங்கியிருக்கக்கூடிய விசையிலேயே கழன்றிருக்கின்றன. அதன் பிறகுதான் அந்த நாட்டில் கூரைத் தகடுகளை ஆயிரக்கணக்கான தடவை இழுத்துவிட்டுச் சோதிக்கும் முறை வந்தது. குயின்ஸ்லாந்தின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 1977இல் புயல் சோதனை நிலையமும் அமைந்தது. டார்வினில் ஓர் இரவில் நடந்ததைக் கணவாய்க் காற்று பல ஆடி மாதங்களில் மெதுவாகச் செய்கிறது என்று நான் கருதுகிறேன். சித்திரையில் கூரை பறந்தால் பழியைச் சித்திரையின் மேல் போட்டுவிட்டு, அதே தகட்டைப் பொறுக்கி, பழைய ஓட்டைக்கு அருகில் புதிய ஓட்டை போட்டு மாட்டுவது அதனால்தான் தவறு. பறந்த தகட்டின் விளிம்புகளில் விரிசல் ஏற்கெனவே இருக்கும். அதைத் தீனிக் கிடங்கின் பக்கச்சுவருக்குப் பயன்படுத்தலாம். கூரைக்கு மறுபடி ஏற்றக்கூடாது.

கட்டும் வேலையை மேலிருந்து தொடங்கலாம். ஆணிக்குப் பதில் திருகாணி அல்லது ஜே போல்ட்; அகன்ற வாஷர் கட்டாயம், ஏனென்றால் தகடு கிழிவது வாஷரின் விளிம்பில். நடுப்பகுதியில் ஒன்றுவிட்டு ஒரு மடிப்பில் பிடித்தால் போதும். தாழ்வாரம், முகடு, மேற்கு முனை ஆகிய இடங்களில் ஒவ்வொரு மடிப்பிலும் பிடிக்க வேண்டும், அங்கே சட்டங்களையும் நெருக்கமாக வைக்க வேண்டும். அடுத்தது சட்டமும் கைமரமும் சேரும் இடம். மேலிருந்து ஆணி அடித்தால் மேலிழுப்பில் உருவிக்கொண்டு வரும்; சட்டத்தின் மேலாக வளைத்துக் கைமரத்தின் இரு பக்கத்திலும் திருகிய இரும்புப் பட்டை வராது. இரும்பு என்றால் புள்ளிப் பற்றவைப்பு போதாது, முழு நீளத்துக்குப் பற்று வேண்டும். பிறகு தூண். ஆழ்கூளப் பண்ணையில் தூணின் அடிதான் முதலில் கெடும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். கூளம் தொடும் அந்த ஒரு சாண் உயரத்தில் குழாய் வெளியே பெயின்ட்டோடு பளபளப்பாகவும் உள்ளே காகித அளவுக்கு மெலிந்தும் இருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கூளத்தின் உயரத்துக்கு மேல்வரை கான்கிரீட் பீடம் எழுப்பி, அதன்மேல் அடித்தகடும் நங்கூர போல்ட்டும் வைத்துத் தூணை நிறுத்துவது இந்த அரிப்புக்கு நேரான மருந்து.

கடைசியில் மண். இருபத்தைந்து அடி அகலக் கொட்டகையில் பத்தடிக்கு ஒரு தூண் என்றால் ஒவ்வொரு தூணின் பொறுப்பிலும் 125 சதுர அடிக் கூரை. சதுர அடிக்கு 11 கிலோ என்றால் ஒரு தூணை 1,375 கிலோ மேலே இழுக்கிறது. இரண்டடிக் கனசதுரக் குழியில் ஊற்றிய கான்கிரீட்டின் எடை 550 கிலோவைத் தொடாது. குழியைப் பெரிதாக்கிக் கான்கிரீட்டை நிரப்புவது வீண்செலவு. நாலடி ஆழத்தில் மூன்றடிக்கு மூன்றடி அகலமும் ஓரடி தடிப்பும் உள்ள அடித்தளம் போட்டு, அதன்மேல் தூணை நிறுத்தி, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு நன்றாகக் கெட்டிப்படுத்தினால், கான்கிரீட் 600 கிலோவும் அதன்மேல் அமர்ந்த மண் 1,300 கிலோவுமாகச் சேர்ந்து இழுப்பை வெல்லும். கான்கிரீட்டும் ஏறக்குறைய அதே அளவுதான். பரப்பிப் போட்டதில் மண் இலவசமாக வேலை செய்கிறது. இன்னொன்று, குறுக்குக் கட்டு. நீளவாக்கில் காற்று வாங்கும் கணவாய்க் கொட்டகைகள் வரிசைத் தூண்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிழக்கு நோக்கிப் படுத்துவிடும். இரண்டு முனைகளிலும் நடுவில் ஒரு இடத்திலும் தூண்களுக்கிடையே பெருக்கல் குறிபோல இரும்புக் கம்பி இழுத்துக் கட்டினால் இது நேராது. மொத்த வேலையில் மிக மலிவானது இந்தக் கம்பிதான். விழுந்த கொட்டகைகளில் அநேகமாக இல்லாததும் இதுவே.

இடுக்கி விளிம்புக்கு வருவோம். ராமக்கல்மெட்டிலோ கம்பம்மெட்டிலோ நின்றால் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு செங்குத்தாகக் கீழே இறங்குவது தெரியும். சரிவில் ஏறும் காற்று உச்சியில் நெருங்கி வேகம் கூடும். காற்று வரும் பக்கத்துச் சரிவு 17 டிகிரிக்கு மேல் இருந்தால் உச்சியில் வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது தரநிலை. விசைக்கு அதை வர்க்கமாக்கினால் 1.85, சதுர அடிக்கு 11 கிலோ என்பது 20 கிலோவாகிறது. பருவக்காற்று மேற்கிலிருந்து, இடுக்கியின் மேடும் பள்ளமுமான நிலத்தின் மேல் தவழ்ந்து வருவதால் விளிம்பில் இந்தப் பெருக்கம் முழுதாக இருக்காது. வங்கக்கடல் புயல்கள் வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா தமிழகத்தைக் குறுக்கே கடந்து கேரளத்தின் வழியாக அரபிக்கடலுக்குப் போனது. அப்படி வரும் புயல் உள்நாட்டில் வலுவிழந்திருந்தாலும் அதன் காற்றுக்கு எதிரே நிற்பது செங்குத்தான கிழக்கு முகம். விளிம்பிலிருந்து சில நூறு அடி பின்னால் தள்ளிக் கட்டினால் பெருக்கம் குறையும். இடம் மாற்றுவது எளிதல்ல, ஏலக்காய்த் தோட்டத்து நிலத்தில் சமதளமே அபூர்வம். ஆனால் கொட்டகை முழுதாக விழுந்த நாள்தான் இடத்தைப் பற்றி மறுபடி யோசிக்கக் கிடைக்கும் ஒரே நாள்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, அவை அற்பமானவையும் அல்ல. கூரைமேல் மணல்மூட்டை அடுக்கினால் போதாதா என்பது முதலாவது. ஊரில் பலரும் செய்வதுதான். ஒரு தகட்டை 380 கிலோ இழுக்கிறது என்றால் அதன்மேல் 25 கிலோ மூட்டை பதினைந்து வேண்டும். அத்தனையை ஏற்றினால் காற்றில்லாத நாளில் கைமரம் முறியும். ஒன்றிரண்டை மட்டும் வைத்தால் சூறையில் அவை உருண்டு ஆஸ்பெஸ்டாஸை உடைத்துக்கொண்டு கூண்டின்மேல் விழும். இரண்டாவது மறுப்பு, காற்று புகுவதுதான் பிரச்சினை என்றால் சுவரெழுப்பி மூடிவிடலாமே என்பது. பாலக்காட்டில் அது நடவாது. 2016 ஏப்ரலில் அந்த மாவட்டத்தில் 41 டிகிரியைத் தாண்டிய வெயில் பதிவானது. 2024 ஏப்ரலிலும் வானிலை ஆய்வு மையம் அங்கே வெப்ப அலை அறிவித்தது. காடையின் உடல் வெப்பமே 41, 42 டிகிரி. வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றோட்டம் நின்ற கொட்டகையில் அது ஒரு பிற்பகலைத் தாண்டாது. சூறை எப்போதோ வரும், வெயில் ஆண்டுதோறும் வரும். திறந்த பக்கங்கள் இருந்தே ஆக வேண்டும், கூரையைத்தான் அதற்கேற்பக் கட்டிப்போட வேண்டும். மின்விசிறியும் ஈரத் திரையும் பொருத்திய முழுமூடிய கொட்டகைகள் பெரிய நிறுவனங்களுக்குச் சரிவரலாம். ஆனால் சூறையன்று முதலில் போவது மின்சாரம். ஜெனரேட்டர் அந்த நிமிடம் ஓடாவிட்டால் மூடிய கொட்டகை தானே பறவைகளைக் கொன்றுவிடும்.

மூன்றாவது மறுப்பு எனக்குப் பாதி ஏற்புடையது. தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த கூரை, காற்று மிஞ்சினால் கீற்று கீற்றாகப் பறந்துபோகும், தூணை இழுத்துக்கொண்டு போகாது. அடுத்த வாரம் மறுபடி வேய்ந்துகொள்ளலாம், எதற்கு இத்தனை இரும்பு என்பார்கள். கீற்றுக்கொட்டகை வெயிலுக்கும் குளுமை. வளர்ந்த காடைகள் ஒருநாள் நனைந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதால், விற்பனைக்கு நிற்கும் பறவைகளின் கொட்டகைக்கு இந்த வாதம் செல்லும். குஞ்சுகளுக்குச் செல்லாது. நனைந்த கூளமும் சும்மா விடாது: அம்மோனியா பெருகும், காடைகளை எளிதில் தாக்கும் குடல்புண் நோய் எச்சத்தின் வழியே பரவும், சூறைக்குப் பிந்திய இரண்டு வாரங்களில் வரும் சாவு சூறையன்றைய சாவைவிட அதிகமாகக்கூடும். ஆகவே ஒரு பண்ணையில் எல்லாக் கொட்டகைகளையும் ஒரே உறுதியில் கட்டத் தேவையில்லை என்பதே என் கணிப்பு. குஞ்சுக் கொட்டகையைச் சிறிதாக, தாழ்வாக, எல்லா இணைப்பும் முழுதாகக் கட்டுங்கள். வளர்ந்தவற்றுக்குக் கீற்று போட்டாலும் தூணும் குறுக்குக் கம்பியும் சரியாக இருக்கட்டும். கைப்பணம் குறைவாக உள்ளவருக்கு இந்த வரிசை உதவும்.

மரம் நட்டுக் காற்றைத் தடுக்கலாம் என்பதும் சரியே, அளவோடு. நெருங்கிய சுவரைவிடப் பாதி இடைவெளியுள்ள மரவரிசை நல்ல தடுப்பு. சுவர் காற்றை மேலே எறிந்து பின்னால் சுழல வைக்கும், சவுக்கும் சூபாபுலும் காற்றைச் சல்லடையிட்டு வேகத்தைக் குறைக்கும், மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை அந்தப் பலன் தெரியும். ஆனால் மரம் விழுந்து நசுங்கும் கொட்டகைகளும் குறைவல்ல. மரத்தின் முழு உயரத்துக்கு மேல் தள்ளி நடுவது தப்பாத விதியாக இருக்க வேண்டும். கொட்டகையை ஒட்டி நிழலுக்காக நிற்கும் தென்னையை வெட்ட மனம் வராது; அதன் கீழே குஞ்சுக் கொட்டகையை வைக்காமலாவது இருக்கலாம்.

எஞ்சியிருப்பது பணம். ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் காற்றுக்காக இப்போதே செலவழிப்பதா என்று கேட்பவர்கள் அந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வர ஐம்பதில் ஒரு வாய்ப்பு. பதினைந்து ஆண்டு நிற்க வேண்டிய கொட்டகை அதைச் சந்திக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். ஒப்பந்த முறையில் வளர்ப்பவருக்கு இது இன்னும் கூர்மையானது: குஞ்சும் தீனியும் நிறுவனத்தினுடையவை, கொட்டகை வளர்ப்பவருடையது, அதன்மேலுள்ள வங்கிக் கடனும் அவருடையது. கொட்டகை விழுந்தால் கைதூக்கிவிட அரசிடமும் அதிகமில்லை. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிகளில் கோழிக்கு 100 ரூபாய், ஒரு பயனாளிக்கு உச்ச வரம்பு 10,000 ரூபாய். குடிசையோடு ஒட்டிய மாட்டுத் தொழுவத்துக்கு 3,000. ஆயிரம் காடை வளர்ப்பவருக்குக்கூட அது ஒரு மூலைக்குத்தான் காணும். பட்டை, வாஷர், குறுக்குக் கம்பி, நங்கூர போல்ட் எல்லாம் சேர்ந்தாலும் கொட்டகையின் மொத்தச் செலவில் சிறு பங்குதான். திட்ட மதிப்பீட்டில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாகப் போடும்போது அவற்றுக்குத் தனி வரி இருப்பதில்லை, அதனால் முதலில் வெட்டுப்படுவதும் அவைதான். கடன் கொடுக்கும் வங்கி இந்த நான்கு சாமான்களுக்கும் தனி வரி கேட்டு, தூண்குழியை மூடுமுன் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்னால், வங்கியின் பணமும் பாதுகாப்பாக இருக்கும். விழாமல் நிற்கும் கொட்டகைகளிலும் பட்டையையும் கம்பியையும் இப்போதே சேர்க்க முடியும். துலாவருஷ மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, ஓய்ந்து கோடை இடி தொடங்கும் வரையிலான தை, மாசி மாதங்கள் அதற்குத் தோதானவை. அந்த வேலைக்கு ஒரு தொகுதிக் காடையை விற்று அடுத்த தொகுதிக் குஞ்சு இறக்கும் இடைவெளியே போதும்.